மீன் தண்ணி, தொடாதே

விருதுநகரில் கடல் கிடையாது. மாரிக்கண்ணன் வீட்டு முன்னறையில் மட்டும் மூன்றடி நீளத்துக்குக் கடல் இருந்தது. கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், பில்லோடு வந்த வெளிநாட்டுப் பவளம் ஒன்று, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி. எல்லாம் தூத்துக்குடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த தேவமணியிடம் வாங்கியவை. மீன்களை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அருப்புக்கோட்டை தாண்டும்வரை மூச்சுகூட மெல்லமாகத்தான் விட்டான்.

பத்தாவது நாள் அந்தக் கடல் காப்பி நிறமானது.

மணல் மேலும் பாறை மேலும் கண்ணாடி மேலும் பழுப்பாக ஒரு பாசி. பாசி என்றால் பச்சையாக இருக்கும் என்றுதான் மாரிக்கண்ணன் அதுவரை நினைத்திருந்தான். துடைத்தான். மறுநாள் வேலை விட்டு வந்து பார்த்தால், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அது மறுபடியும் நன்றாக உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி பொன்மணியின் அண்ணன் சங்கிலிமுத்து சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிறவர். தொட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

“மாப்ள, இதுல சுக்கு தட்டிப் போட்டாச்சா, இனிமேத்தானா?”

கேட்டுவிட்டுத் தொட்டியின் நீளத்தைச் சாண் போட்டு அளந்தார். தன் கடை வாசலில் தங்கமீன் விட்டால் கூட்டம் வரும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். பொன்மணி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் கண்ணாடி தெளியவில்லை என்றால் தொட்டி அண்ணன் கடைக்குப் போகும்.

மச்சான் முன்னால் மாரிக்கண்ணனால் மீசையைத் தடவாமல் இருக்க முடியவில்லை. “பொங்கலுக்கு வாங்க மச்சான். கண்ணாடி இருக்கிறதே தெரியாம மூக்கை இடிச்சுக்கிடுவீக.”

சொல்வதற்கு அவனிடம் ஆதாரம் இருந்தது. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் கலர் மருந்து போர்மேன். பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், எதற்கு எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். வானத்தில் பதினாறு கலர் கொண்டுவருகிறவனுக்குத் தொட்டியில் ஒரு கலரைப் போக்குவது பெரிய காரியமா?

பெரிய காரியமாகத்தான் இருந்தது. முதலில் வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டு, பொன்மணியின் கல்யாணப் பட்டுச்சேலையால் தொட்டியை மூடினான். சேலைக்கு உப்புக் கறை வந்தது, பாசி போகவில்லை. பிறகு தீனியைச் சந்தேகப்பட்டு மீன்களைப் பட்டினி போட்டான். அவை கண்ணாடியோரம் வந்து நின்று அவன் சாப்பிடுவதையே பார்த்தன. கடைசியில் பொன்மணி கடுகு தாளிக்கிற புகையைச் சந்தேகப்பட்டான். அன்றைக்குக் குழம்பு தாளிக்காமல் வந்தது. இரவே சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

தேவமணிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கமிருந்து கடல்காற்றோடு சேர்ந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி, என்ன தண்ணி ஊத்துதிய? போர் தண்ணியா? அதுல மணலு கரைஞ்சு வார சிலிக்கேட்டு கெடக்கும் அண்ணாச்சி. இந்தப் பழுப்புப் பாசி இருக்குல்லா, அதுக்கு ஓடு கட்டிக்கிட அதான் வேணும். வெயிலுக்குத் தண்ணி ஆவியாப் போவும், சிலிக்கேட்டு போவாது, உள்ளேயே கெடக்கும். நீங்க தெனமும் ரெண்டு செம்பு ஊத்த ஊத்த அது சேந்துக்கிட்டே போவும். கேன் தண்ணி ஊத்துங்க.”

பொன்மணி மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டண்ட். காய்கறி நறுக்கியபடியே அதைச் சுருக்கிச் சொன்னாள். “பாசி சட்டை தச்சுக்கிட நீங்க தெனமும் துணி எடுத்துக் குடுத்திருக்கீக.”

கேன் தண்ணீர் வந்தது. வாரத்துக்கு ஒன்று.

பொன்மணி அதிலிருந்து ஒரு செம்பு கேட்டாள். போர் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, விசில் எண்ணி எண்ணி விரல் தேய்கிறது. அடுத்த வீட்டு நர்ஸ் பியூலா மாதிரி ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்குங்கள் என்று அவள் கேட்டு இரண்டு வருஷமாகிறது. போர் தண்ணீரில்தான் சத்து என்று மாரிக்கண்ணனும் இரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறான்.

“இது மீனுக்கு வாங்குனது. இதுல கை வைக்காத.”

“அப்ப எங்களுக்கு?”

“உங்களுக்குத்தான் சத்துத் தண்ணி இருக்குல்ல.”

அதோடு விடவில்லை. கம்பெனி வழக்கப்படி வெள்ளைத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கேனில் ஒட்டினான்: ‘மீன் தண்ணி. தொடாதே.’ மருந்து அறையில் இருபது வருஷம் இருந்தவன். சீட்டு ஒட்டாத டப்பாவைக் கிட்ட வைக்கமாட்டான். ஒட்டிய டப்பாவைச் சந்தேகப்படமாட்டான். அங்கே உயிரே அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

பொன்மணி சீட்டை ஒருமுறை படித்தாள். “சரி” என்றாள். இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் அவன் திரும்ப சாயங்காலமாகும். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேனிலிருந்து இரண்டு செம்பு எடுத்துத் தொட்டியில் ஊற்றுவான். பாசி போகவில்லை. முன்னைவிடக் கெட்டியாக, வெல்வெட்டு மாதிரி வளர்ந்தது. பவளம் கதவடைத்த கடை மாதிரி சுருங்கிக் கிடந்தது. பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அந்தக் கவலையிலும் ஒருநாள் இரண்டு கரண்டி சாம்பார் சேர்த்து வாங்கிக்கொண்டு, “கைப்பக்குவம் கூடியிருக்கு ஒனக்கு” என்று சொன்னான். பொன்மணி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று சோதனைக் குழாய்களும் ஒரு சின்னக் குப்பியும் கொண்டுவந்தாள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் சீட்டு ஒட்டிய கேன் தண்ணீர், ஒன்றில் பியூலா வீட்டு மெஷின் தண்ணீர். மூன்றிலும் குப்பி மருந்தைச் சொட்டுவிட்டாள். சிலிக்கேட் இருந்தால் மஞ்சளாகும் என்றாள்.

போர் தண்ணீர் மஞ்சளானது. கேன் தண்ணீரும் அதே மஞ்சள். பியூலா வீட்டுத் தண்ணீர் அப்படியே நின்றது.

கலர் விஷயத்தில் மாரிக்கண்ணனுக்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “கேன்காரன் போர் தண்ணியைப் பிடிச்சு அடைச்சுக் குடுத்திருக்கான்.”

“பாவம், அவுகளைச் சொல்லாதீக” என்றாள் பொன்மணி.

கேன் வாங்குவது நின்றது. இனி மெஷின்தான் வழி. ஆனால் மனைவிக்கு மறுத்ததை மீனுக்கு வாங்கினான் என்று ஊர் பேசக்கூடாதே. ஒரு ராத்திரி முழுக்க யோசித்துத் திட்டம் போட்டான். சனிக்கிழமை மெஷின் வந்து அடுப்படிச் சுவரில் ஏறியது. பியூலாவும் பார்க்க வந்திருந்தாள். அவளுக்கும் கேட்கிற மாதிரி மாரிக்கண்ணன் பேசினான். பொன்மணி எம்புட்டு நாள்தான் அந்தத் தண்ணியில கஷ்டப்படுவா, அவ கேட்டு நான் வாங்கிக் குடுக்காம யாரு வாங்கிக் குடுப்பா, மீனுக்கு மிச்சம் மீதி இருந்தா ரெண்டு செம்பு போதும்.

பொன்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷினுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாள்.

மெஷின் தண்ணீரில் உப்புக் கரைத்து, பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினான். துணி கிடைக்காத பாசி நாளுக்கு நாள் மெலிந்து, பிறகு காணாமலே போனது. பவளம் விரிந்தது. பங்குனிப் பொங்கலன்று சங்கிலிமுத்து வந்து தொட்டிப் பக்கம் குனிந்து பார்த்து, மாப்பிள்ளை சொன்னபடியே கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டார். பிறகு மூக்கைத் தடவியபடி பந்தியில் உட்கார்ந்தார்.

ஜெயித்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். மாரிக்கண்ணன் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்துக்கொண்டு மச்சானிடம் மெஷினைக் குறை சொன்னான். “தொட்டிக்குச் சரி. ஆனா சமையல்ல ஒரு வித்தியாசமும் இல்ல மச்சான். போன மாசம் இருந்த அதே ருசிதான்.”

“எப்படி வித்தியாசம் இருக்கும்?” என்றாள் பொன்மணி, அண்ணனுக்குச் சோறு வைத்தபடி. “போன மாசம் கேன் தண்ணியில வச்சேன். இப்ப மெஷின் தண்ணியில வைக்கேன்.”

மாரிக்கண்ணனின் கை இலையிலேயே நின்றது. “எந்தக் கேன்?”

அவள் கரண்டியால் மூலையில் கிடந்த கேனைக் காட்டினாள். சீட்டு ஓரம்கூடக் கிழியாமல் இருந்தது.

“அப்ப நான் தொட்டியில ஊத்துனது?”

“சத்துத் தண்ணி” என்றாள் பொன்மணி. “சாம்பார் ஊத்தவா, ரெண்டு கரண்டி?”