நடுக்கடலில் பிறந்த பெண்

"பொண்ணுக்குச் செவ்வாய் தோஷமாம். வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, தரகர் பாவாடை சாவகாசமாக இரண்டாவது காபியைக் குடித்தார்.

ராஜவேல் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான். முப்பத்திரண்டு வயதில் அவனும் எத்தனையோ வீடுகளில் கேசரி சாப்பிட்டிருக்கிறான். எந்தப் பெண் வேண்டாமென்று போனாலும் மறுநாள் தட்டாஞ்சாவடிக்குப் போய், பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியின் கணக்குவழக்கைப் பார்க்க உட்கார்ந்துவிடுவான். இந்தத் தடவை அப்படி முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில் பார்த்த சரிதா, கணக்கு டீச்சர். தினமும் எவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவீர்கள் என்று கேட்டாள். அவன் உண்மையைச் சொன்னான். "ஓகோ" என்றாள். அந்த ஓகோவிலிருந்து அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

தரகர் கொண்டுவந்த ஜாதகக் காகிதத்தை அம்மா சின்னப்பொண்ணு வெறுப்போடு மேசைமேல் போட்டாள். பாண்டிச்சேரி சாரம் பகுதியில் இருக்கும் ஜோசியர் கோவிந்தசாமி கம்ப்யூட்டரில் போட்டு எடுத்தது. கம்ப்யூட்டரே சொன்ன பிறகு பேச்சுக்கு இடமில்லை என்று பெண்ணின் அப்பா கிருஷ்ணசாமி கையை விரித்துவிட்டாராம். ராஜவேல் காகிதத்தை எடுத்தான். அடியில், சின்ன எழுத்தில், 'கட்டம் 2.3, இலவச மென்பொருள்' என்று இருந்தது.

அதை எழுதியவன் அவன்தான்.

ராஜவேலுக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில், எந்த நேரத்தில் எந்தக் கிரகம் எங்கே இருக்கும் என்ற கணக்கு பிடித்துப்போய் எழுத ஆரம்பித்த புரோகிராம் அது. முடிந்ததும் இணையத்தில் போட்டான். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம் என்றும் எழுதி வைத்தான். திறந்த மூல மென்பொருள் என்று அதற்குப் பெயர். அம்மா வைத்திருந்த பெயர், வேலையத்த வேலை.

எடுத்துக்கொண்டவர்கள் யாரும் திருத்தவில்லை, திட்டினார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று பினாங்கிலிருந்து ஒருவர் திட்டினார். பெரிதாக்கியதும், காகிதம் வீணாகிறது என்று தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து இன்னொருவர் திட்டினார். ராகு காலத்தில் புது வெர்ஷன் வெளியிட்டதற்காக ஒரு குடும்பமே கூடிக் கையெழுத்துப் போட்டுத் திட்டியது. பாரிசில் குடியேறிவிட்ட பழைய பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் மட்டும் எப்போதும் 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி மரியாதையாக ஆரம்பித்து, அதன் கீழே ஒரு முழத்துக்குக் குறைகளை எழுதுவார். எப்போதாவது, 'உங்கள் புண்ணியத்தில் என் மகளுக்குக் கல்யாணம் ஆனது' என்று யாரிடமிருந்தாவது ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ராஜவேல் ஆறு மாதம் திட்டு வாங்குவான்.

தரகர் போனதும் கம்ப்யூட்டரைப் போட்டுத் தேட ஆரம்பித்தான். பொழுது சாய்வதற்குள் தப்பு பிடிபட்டது.

போன அக்டோபரில் அரசாங்கம் பாண்டிச்சேரியின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றியது. கடைப் பலகைகள் மாறவில்லை, பஸ்கள் மாறவில்லை. ராஜவேல் மட்டும் சொந்த ஊர்ப் பாசத்தில் அன்று சாயங்காலமே தன் ஊர்ப் பட்டியலில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைப் போட்டான். இப்போது யாராவது பிறந்த ஊர் பாண்டிச்சேரி என்று அடித்தால், புரோகிராம் பட்டியலில் தேடும். கிடைக்காது. கிடைக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? சொல்லாது. அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம் என்று தானாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். அந்த இடம் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடல்.

ஆக, பாண்டிச்சேரிப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஊரறியப் பிறந்த சரிதா, ராஜவேலின் கணக்குப்படி ஒரு படகுகூட இல்லாமல் நடுக்கடலில் பிறந்திருந்தாள். இடம் மாறினால் லக்னம் மாறும். லக்னம் மாறியதால் செவ்வாய் போய் வேண்டாத வீட்டில் உட்கார்ந்துகொண்டது. ராஜவேல் அம்மாவின் தாய்வீடு இருக்கும் திண்டிவனத்தில் பிறந்தவன் என்பதால் அவன் ஜாதகம் தப்பித்தது.

ஜாதகம் மாறிவிட்டது என்று பாரிஸ்காரர் மாசி மாதமே எழுதியிருந்தார். பிறந்த நேரத்தை உங்கள் அம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று ராஜவேல் பதில் போட்டிருந்தான். அவருக்கு வயது எழுபத்தெட்டு.

எந்தப் பெயரை அடித்தாலும் ஒரே ஊருக்கு வந்து சேரும்படி திருத்தினான். சரிதாவின் விவரத்தைப் போட்டுப் பார்த்தான். தோஷம் இல்லை. தன் வேலையில் இவ்வளவு பெரிய தப்பு இருக்கிறதே என்று எந்த மனிதனும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். அன்றைக்கே 2.4 வெளியானது.

காலையில் பினாங்குக்காரர் எழுதியிருந்தார். அவர் பையனுக்குப் பத்திரிகை அடித்தாயிற்றாம். பெண் பாண்டிச்சேரியில் பிறந்தவள். நேற்றுவரை இல்லாத தோஷம் புது வெர்ஷனில் வந்து நிற்கிறதாம். கல்யாணம் முடியும்வரையாவது பழையபடி வைத்திருக்கும்படி கேட்டிருந்தார். முதல் தடவையாக அவர் திட்டாமல் எழுதியதில் ராஜவேலுக்கு மனசு இளகிவிட்டது. தன் கல்யாணத்துக்காக இன்னொருவன் கல்யாணத்தைக் கெடுப்பானேன் என்று, பழைய முறை, புது முறை இரண்டில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2.5இல் ஒரு வசதி வைத்தான். கிரகத்துக்கு ஆப்ஷன் வைத்த முதல் ஆள் நீதான் என்று மதுரையிலிருந்து ஒருவர் பாராட்டியிருந்தார். அது பாராட்டு இல்லை என்பது ராஜவேலுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

அடுத்த வேலை, கோவிந்தசாமியின் கம்ப்யூட்டரில் புது வெர்ஷனைப் போடுவது. மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. இந்த மென்பொருளைச் செய்தவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு சாரத்துக்குப் போனான். ஜோசியர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். தட்டுவதெல்லாம் அவர் மனைவி அஞ்சலாட்சி. அச்சில் வருவதைக் கனத்த குரலில் படிப்பது மட்டும் அவர் வேலை.

காசு எவ்வளவு என்று ஜோசியர் கேட்டார். காசு வேண்டாம் என்றதும் முகம் மாறிவிட்டது.

"சும்மா குடுக்கறவரு இன்னாத்துக்கு வீடு தேடி வந்து குடுக்கறாரு?" என்று மனைவியைக் கேட்டார்.

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்குத் தொட வேண்டும் என்று அஞ்சலாட்சியும் கீபோர்டைவிட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் ராஜவேல் வைரஸ் என்ற வார்த்தையைச் சொன்னான். இருவரும் நாற்காலியை அவனிடம் விட்டுவிட்டு எழுந்துகொண்டார்கள்.

பிறகு அம்மா தரகரைப் பிடித்து, கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறாம், இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஜோசியர் வீட்டில் கூடியது. கிருஷ்ணசாமி தன் தம்பி மகன் வடிவேலோடு வந்தார். சரிதாவும் வந்தாள். அவள் வந்ததே நல்ல சகுனம் என்று, சகுனத்தில் நம்பிக்கையில்லாத ராஜவேல் நினைத்தான்.

அஞ்சலாட்சி தட்டினாள். பழைய முறையா, புது முறையா என்று திரை கேட்டது. பழையதை அமுக்கினாள், தோஷம் இருந்தது. புதியதை அமுக்கினாள், தோஷம் போய்விட்டது. கிருஷ்ணசாமி பொதுப்பணித் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் நம்பிப் பழக்கமில்லை.

"தோஷம் வேணுமா வேணாமான்னு அதுவே கேக்குதே. இது இன்னா, ஓட்டல்ல சாம்பார் வேணுமான்னு கேக்கற மாதிரி?"

அங்கே சும்மா இருந்திருக்க வேண்டியவள் சின்னப்பொண்ணு. பெருமை தாங்காமல் வாயைத் திறந்தாள்.

"எங்க ராஜவேலு எழுதினதுதாங்க இது. போன வாரம் அவனே இங்க வந்து போட்டுட்டுப் போனான்."

"மாப்பிள்ளையே வந்து மாத்திட்டுப் போனாரா?" என்றார் கிருஷ்ணசாமி.

ஜோசியர், தனக்கு அப்போதே சந்தேகம் என்று முனகினார். ராஜவேலுக்குக் காது சுட்டது. பெண் கிடைக்காமல் போவது ஒரு துக்கம். ஏமாற்றுக்காரன் என்று அவள் எதிரிலேயே பெயரெடுத்துவிட்டுப் போவது தாங்காது.

"ஒளிச்சு வெக்க அதுல ஒண்ணுமே இல்லீங்க. உள்ள இருக்கறது மொத்தமும் தொறந்துதான் கெடக்கு. யாரை வேணா வெச்சுப் பாருங்க" என்றான்.

வடிவேல் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருப்பவன். தானே பார்த்துச் சொல்வதாகச் சொன்னான். பயத்துக்கு நடுவிலும் ராஜவேலுக்கு ஒரு சிலிர்ப்பு ஓடியது. இத்தனை வருடத்தில் அவன் நிரலைத் திறந்து படிக்கப்போகிற முதல் ஆள் இவன்தான். அடுத்த கணமே, உள்ளே ஓரிடத்தில், 'இது எப்படி வேலை செய்கிறதென்று எனக்கே தெரியவில்லை, யாரும் தொட வேண்டாம்' என்று எழுதி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. இப்போது போய் அதை அழித்தால் அதுவும் திருட்டுத்தனமாகிவிடும். அந்த வாரம் முழுக்க கம்பெனியில் குடத்துக்குப் பதில் மூடியின் கணக்கையும், மூடிக்குப் பதில் குடத்தின் கணக்கையும் எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் மறுபடி சாரத்தில் உட்கார்ந்தார்கள். வடிவேல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னான். செய்த மாற்றம் ஒவ்வொன்றும் தேதியோடு எல்லோருக்கும் தெரியும்படி இணையத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை மாற்றியது போன அக்டோபரில். அப்போது இந்தப் பெண் பார்க்கும் பேச்சே இல்லை. பெயரை மாற்றியதால்தான் கணக்கு கெட்டது, இப்போது சரியாகிவிட்டது.

"பையன் திருட்டுத்தனம் எதுவும் பண்ணல பெரியப்பா. தப்புதான் பண்ணியிருக்காரு."

ராஜவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வேலையைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு நல்லபடியாகச் சொன்னதில்லை.

பழைய முறை என்ற வசதியை எடுத்துவிட்டு 2.6ஐ எல்லோர் கண்ணெதிரிலும் போட்டான். பினாங்குக்காரர் திட்டட்டும். அஞ்சலாட்சி விவரத்தைத் தட்டினாள். தோஷம் இல்லை. ஜோசியர் கனத்த குரலில் பொருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கிருஷ்ணசாமி எழுந்துவந்து ராஜவேலின் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தேகப்பட்டதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், ஆவணி பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

சரிதா வாசற்படியில் நின்று ஸ்கூட்டிச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு யாரிடமும் எதுவும் பேசாமல் தெருவில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தாள். வெட்கம் என்றாள் சின்னப்பொண்ணு. எல்லோரும் சிரித்தார்கள். ராஜவேலும் சிரித்தான்.

பெரியவர்கள் முகூர்த்த நாள் பார்க்கக் கூடத்துக்கு நகர்ந்தார்கள். ராஜவேலுக்கு உலகத்தில் யார்மேலும் கோபம் இல்லை. திட்டியவர்கள் அத்தனை பேரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சிக்கும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல இருந்தது.

"இனிமே புதுச்சேரின்னே அடிங்கக்கா. ஊர் பேரு மாறி வருஷமாகப் போவுது" என்றான் அன்பாக.

அஞ்சலாட்சி கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேரு மாறினது எனக்குத் தெரியாதா தம்பி? எந்தப் பேரு அடிச்சா தோஷம் வருதுன்னும் தெரியும். புடிச்ச மாப்பிள்ளை வந்தா புதுச்சேரி, புடிக்கலன்னா பாண்டிச்சேரின்னு அடிக்கச் சொல்லி, அந்தப் பொண்ணுதான் முன்னாடியே வந்து சொல்லி வெச்சிட்டுப் போச்சு."