கடல் தெரியும் அறையா, படகு மறைக்கும் அறையா

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நடுவில் இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, படுக்கையறையில் ஜன்னல் இல்லாமல் போய்விட்டது. மற்றபடி சௌக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்து, "மாமா, கப்பல்ல ரெண்டு ரூம்தான் மிச்சம் இருக்கு. ஒண்ணுல ஜன்னல் நிறைய கடல் தெரியும். இன்னொண்ணும் அதே அளவுதான், ஆனா ஜன்னலுக்கு வெளிய உயிர்காப்புப் படகு தொங்கும், முக்கால்வாசி மறைச்சிடும். வியாழக்கிழமைக்குள்ள சொல்லணும். எது வேணும்னு ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் போடுங்க, போதும்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் நான் "உங்களுக்கு எது சௌகரியமோ அதைப் போடுங்க" என்று சொன்னேன். "போகப்போறது நீங்க ரெண்டு பேரும், எனக்கு என்ன சௌகரியம் மாமா?" என்று நீங்கள் சிரித்தீர்கள். நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளை ஆசையாக ஏற்பாடு செய்கிற பயணத்தில் "எனக்கு நல்ல ரூமாகப் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கிற மாமனார் இன்னும் பிறக்கவில்லை. வாயில்தான் வரவில்லையே தவிர, நீங்கள் போனை வைப்பதற்குள் என் மனசு முடிவு செய்துவிட்டது. கடல்தான். அதுவும் எனக்காக இல்லை. முப்பத்திநாலு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். சுவர் அகலத்துக்குக் கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு மனுஷன் பார்க்க வேண்டிய வேடிக்கைக்கு மேலேயே பார்த்துவிட்டேன். உங்கள் அத்தை அப்படி இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் துணி அறை என்று ஒன்று உண்டு. கிழிந்த படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அங்கேதான் தைப்பார்கள். இருபத்தாறு வருஷம் அந்த அறையில் ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே அவள் மெஷின் மிதித்தாள். ஜன்னல் கிடையாது. மேலேயிருந்து வரும் தள்ளுவண்டி நனைந்திருந்தால்தான் வெளியே மழை என்று தெரியும். வீட்டுக்கு வந்தால் படுக்கையறை ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவரும் அதன் கழிவுநீர்க் குழாயும். இப்படி இருந்தவளுக்கு ஓய்வுக் காலத்தில் ஒரு முழு ஜன்னல், அது நிறைய தண்ணீர், பத்து நாள். இதை வாங்கிக் கொடுக்க எனக்கு வழியில்லாமல் இருந்தது, நீங்கள் கொடுக்கிறீர்கள். நன்றாக இருக்க வேண்டும் நீங்கள்.

சரி என்று அவளிடம் போய், "மாப்பிள்ளை கேக்கறார், கடல் ரூமே போடச் சொல்லிடறேன்" என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "எனக்குப் படகு ரூம் போதும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். இவளுக்கு எதிலும் "போதும்"தான். நல்ல நாற்காலி வாங்கலாம் என்றால் ஸ்டூல் போதும். கண்ணாடி மாற்றலாம் என்றால் பழைய பிரேமே போதும். மாப்பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அவள் பாட்டுக்குத் துணியை மடித்து, என் மடியில் இருந்த துண்டையும் உருவி மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வாயால் சொல்லிப் புரியாததைக் கண்ணால் காட்டிப் புரியவைக்கலாம் என்று திங்கட்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையோடுதான் இடுப்பும் வந்தது. நம் படுக்கையறையும் கப்பல் அறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஜன்னலுக்கு முன்னால் பீரோவைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதுதான் படகு. ஒரு நாள் அப்படி இருந்து பார்த்தால் மூச்சு முட்டி, "ஐயோ, கடலே போடச் சொல்லுங்க" என்று அவளே வருவாள் என்பது என் கணக்கு. தனியாகத் தள்ள முடியாதே என்று மாடி வீட்டு விசிலைக் கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரியும், என் பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் பல்லிடுக்கில் விசில் அடிப்பதை விடவில்லை, அதனால் அதுவே பெயராகிவிட்டது. அவன் ஓரமாக நின்று "வரலாம், வரலாம், இன்னும் வரலாம், லெஃப்ட்ல ஒடிங்கண்ணே" என்று சொல்ல, நான் தள்ள, பீரோ நல்லபடியாகவே போனது. அங்கேதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பீரோக் கதவில் கண்ணாடி இருக்கிறது. படகில் கண்ணாடி ஏது? கண்ணாடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் படகு மாதிரியே இருக்காது என்று, பீரோவை அப்படியே திருப்பி, முதுகு எங்கள் பக்கமும் கதவு ஜன்னல் பக்கமுமாக வைத்தோம். விசில் "ரைட்" என்று ஒரு நீள விசில் அடித்தான். அதே நேரத்தில் பீரோவின் கால் கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. தள்ளினால் போகவில்லை. என் இடுப்பு மட்டும் ஒரு சத்தத்தோடு இடம் மாறியது.

கடையிலிருந்து உங்கள் அத்தை வந்தாள். பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது, எங்கள் மொத்தத் துணியும் அதற்குள் இருக்கிறது. அதைவிட, வியாழக்கிழமைக்குள் நீங்கள் நம்பர் கேட்டிருந்த இரண்டு பாஸ்போர்ட்டும் அதற்குள்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விசில்தான் காப்பாற்றினான். எங்கள் ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நிற்கலாம். நெரிசல் நேரத்து பஸ்ஸில் பின்வாசலிலிருந்து முன்வாசல் வரை டிக்கெட் கொடுத்துப் பழகிய உடம்பு, அவன் சுலபமாக நுழைந்துவிட்டான். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். பீரோக் கதவு ஒரு சாண்தான் திறந்தது. அந்த ஒரு சாண் வழியாகக் கைக்கு அகப்பட்டதை எல்லாம் உருவி, "அண்ணே, போர்வை! அண்ணே, அண்ணியோட பச்சைப் புடவை! அண்ணே, கல்யாண ஆல்பம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒவ்வொரு நிறுத்தமாக அறிவித்துக்கொண்டே வந்தான். பக்கத்து வீட்டு அம்மாள் அடுக்களை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, வீடு காலி செய்கிறீர்களா என்று விசாரித்தார். பதினேழாவதாகப் பாஸ்போர்ட் வந்தது. எனக்கு ஒரு சட்டைகூட வரவில்லை. இந்தக் கடிதத்தை விசில் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பட்டன் போட முடியவில்லை.

உங்கள் அத்தை இரண்டு நாளும் தட்டு வைக்கிற சத்தத்தில்தான் பேசினாள். மெதுவாக வைத்தால் சாப்பிடு என்று அர்த்தம். ஓங்கி வைத்தால் சாப்பிட்டுத் தொலை என்று அர்த்தம். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது, மாப்பிள்ளை. பீரோவை நினைத்து இல்லை. இவள் கப்பலுக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? கல்யாணமான நாளிலிருந்து அடுத்த லீவில் போகலாம், அடுத்த லீவில் போகலாம் என்றே சொல்லிவந்தவன் நான். இந்த ஒரு பயணமும் என் வாயாலேயே கெட்டுப்போனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளோடு இருப்பது?

அதனால் நேற்று, புதன்கிழமை, நீங்கள் சொன்ன பயண அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கே ஒரு பெண், நல்ல பொறுமைசாலி, கம்ப்யூட்டரில் இரண்டு அறையையும் காட்டினாள். படகு எவ்வளவு நீளம், எதில் தொங்குகிறது, இறக்கும்போது ஜன்னலில் உரசாதா, அதை ஓட்டுவது யார், அவருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று விவரமாகக் கேட்டேன். "சார், நீங்க கப்பல்ல வேலை பாத்தீங்களா?" என்றாள். "இல்லம்மா, பஸ்ல" என்றேன். அதற்கு அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "படகு ரூமையே விரும்பிக் கேக்கறவங்களும் இருக்காங்க சார். பயப்படறவங்களுக்குப் படகு கண்ணு முன்னாடியே இருந்தா ஒரு தைரியம்" என்றாள். அடடா, இதுதானா என்று எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் அத்தைக்குச் செலவைப் பற்றிக் கவலை இல்லை, தண்ணீரைக் கண்டு பயம். பாவம், சொல்லத் தெரியாமல் இரண்டு நாளாகத் தட்டால் பேசியிருக்கிறாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இதோ பாரு, எந்த ரூம்ல இருந்தாலும் எல்லாருக்கும் படகுல இடம் உண்டு. அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. நீ பயப்படாதே" என்றேன். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் சத்தமாக அவள் சிரித்தாள்.

"பயமா? எனக்கா? நீங்க ஓட்டின பஸ்ல இருபத்தாறு வருஷம் வந்தவளுக்கு இனிமே எதுல பயம்?"

"அப்புறம் எதுக்குப் படகு ரூம் கேக்கறே?"

உறையை மாட்டி முடித்துத் தலையணையைத் தட்டி வைத்தாள். அப்புறம் சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், மாப்பிள்ளை. மாற்றினால் எனக்குத்தான் பாவம்.

"கடல் தெரிஞ்சா நீங்க அந்த ஜன்னல்ல உக்காந்து கப்பலை ஓட்ட ஆரம்பிச்சிடுவீங்க. பத்து நாளும் அவன் லேட்டாத் திருப்பறான், இவன் வேகமாப் போறான்னு சொல்லிட்டே வருவீங்க. தினம் காலையில முதல் டிரிப்புல உங்க பஸ்லதானே வேலைக்கு வந்தேன்? முன் சீட்டுலதானே உக்காருவேன்? டிரைவரிடம் பேசாதீர்னு எழுதிப் போட்டிருந்தது. நானும் பேசல. உங்க இடது காது எப்படி இருக்கும்னு கேளுங்க, நல்லாத் தெரியும். படம் வரையச் சொன்னாக்கூட வரைவேன். நேரா உங்க முகத்தைப் பாத்தது கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்தா நீங்க தூங்குவீங்க, இல்லேன்னா நான் தூங்குவேன். இப்ப பத்து நாள் கிடைக்குது. அந்த ஜன்னலை ஒரு படகு மறைச்சா மறைக்கட்டுமே. வேற பாக்க ஒண்ணுமில்லேன்னா என்னைப் பாப்பீங்கள்ல?"

அழுதேன் என்றே எழுதலாம், நீங்கள் வெளியே சொல்லப்போவதில்லை. முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தப்பான வழியில் பஸ்ஸைத் திருப்பியதில்லை என்று டிப்போவில் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கம் திரும்பவில்லை. "தப்புதான்" என்றேன். "தப்புன்னு யாரு சொன்னா? ரோட்டைப் பாக்காம ஓட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டோம்" என்று எழுந்து காபி போடப் போனாள்.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தை: படகு. கடல் வேண்டாம். முக்கால்வாசி மறைக்கிறது என்றீர்களே, முழுக்க மறைக்கிற அறை கிடைத்தாலும் சந்தோஷமாக எடுத்துக்கொள்வோம். இதில் எனக்கு இனி இரண்டாவது யோசனை இல்லை. மெசேஜில் அனுப்பியிருக்கலாம்தான், ஆனால் வெறும் "படகு" என்று வந்தால் மாமனார் மாப்பிள்ளைக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். இதை விசில் மத்தியானத்துக்குள் உங்கள் ஆபீசிலேயே கொண்டுவந்து கொடுப்பான். பாஸ்போர்ட் நம்பர் தனித் தாளில் இருக்கிறது. உங்கள் வீடும் தொழிலும் செழித்து, என் மகளும் பேத்தியும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பேத்தியின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படித்தேன். நான் சொன்னதை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார், எனக்கே கூச்சமாக இருக்கிறது. தயவுசெய்து கடல் தெரியும் அறையே போடுங்கள். நேற்று மத்தியானம் நான் அதைச் சொன்னதிலிருந்து இவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சமைத்தால் பார்க்கிறார், சாப்பிட்டால் பார்க்கிறார். மோவாயில் இந்த மச்சம் எப்போது வந்தது என்று இன்று காலையில் கேட்டார். நான் பிறந்தபோதே வந்தது. ஒரு நாளைக்கே இப்படி என்றால் பத்து நாளைக்கு நான் என்ன செய்வேன்? இந்த வயதில் ஒருத்தர் நேருக்கு நேர் உட்கார்ந்து இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் எங்கே பார்ப்பது? எனக்குப் பார்க்க ஒரு கடலாவது வேண்டும்.