ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அதை முதலில் இயக்கிப் பார்க்கும் உரிமை எனக்குக் கிடையாது. மிக்சியாக இருந்தாலும் சரி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலாக இருந்தாலும் சரி, பெட்டியைப் பிரிக்கும்போதே அம்மா என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிடுவார். இந்தத் தடையுத்தரவு என் தங்கை ரஞ்சனியின் கல்யாணத்தன்று பிறந்தது. இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்போது ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடை ஒன்று வைத்திருந்தேன். போனைத் திறந்து மூடத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாவற்றையும் திறந்து மூடலாம் என்று ஒரு திமிர் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. வீடியோ பார்த்து, பழைய இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, ஒரு கோ-கார்ட் கட்டினேன். தரையோடு தரையாக ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் குட்டிப் பந்தய வண்டி. ஏப்ரல் பந்தய சீசனுக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் எல்லோரையும் வாய்பிளக்க வைப்பது திட்டம். அதற்காகப் புத்தம் புது எஞ்சினும் வாங்கினேன்.

விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். "தம்பி, புது எஞ்சினப் பழக்கணும். எடுத்தவொடனே முறுக்கிறாதீங்க. ஒரே வேகத்துலயும் புடிக்காதீங்க, கொஞ்சம் கூட்டி கொஞ்சம் கொறைச்சு ஓட்டுங்க. நடுநடுவுல நிப்பாட்டி ஆறவிடுங்க."

சரி, எங்கே ஓட்டுவது? எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சமமான பாதை ஒன்றே ஒன்றுதான்: கோயிலிலிருந்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டி, கல்யாண மண்டபம் வரை. அதே பாதையில்தான் அடுத்த வாரம் டயகமவிலிருந்து வரும் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். பெண்ணின் அண்ணன் என்பதால் அது என் பொறுப்பு. ஊர்வலமும் மெதுவாகப் போகும், புது எஞ்சினும் மெதுவாக ஓட வேண்டும். ஊர்வலத்துக்கு ஊர்வலமும் ஆச்சு, எஞ்சினைப் பழக்கின மாதிரியும் ஆச்சு! என் மூளையை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஒரே கவலைதான். "எதுல வேணா கூட்டிட்டு வா. ராகு காலத்துக்கு முன்ன தாலி ஏறிறணும். சம்பந்தி வீட்டுல ஒரு சொல்லு வந்துச்சுன்னா, காலம்பூரா ஒன் தங்கச்சிதாண்டா கேக்கணும்."

"சும்மா இருங்கப்பா, நான் இருக்கேன்ல," என்றேன். (இப்போது நான் இதைச் சொன்னாலே எல்லோரும் செருப்பைத் தேடுகிறார்கள். ஓடுவதற்குத்தான்.)

மாப்பிள்ளை யோகேஸ்வரன் பட்டுவேட்டியோடு கோயில் வாசலில் நின்றார். ஆறடி உயரம், அரையடிப் பேச்சு. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வண்டியைப் பார்த்தார்.

"இதுலயா மச்சான்?"

"இதுலதான் மச்சான். பயப்புடாதீங்க."

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறாரான ஆள். வேட்டி சங்கிலியில் மாட்டக் கூடாது என்று உள்ளே காற்சட்டை போடவைத்து, வேட்டியை மடித்துக் கட்டினேன். தலையில் ஹெல்மெட். "ஐயோ, தலப்பா எங்கங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா பதறினார். தலைப்பாகையை ஹெல்மெட்டுக்கு மேலேயே கட்டிவிட்டேன். பெரிய ஆளாகத் தெரிந்தார், பாவம்.

தப்பும் நாதஸ்வரமும் முழங்க ஊர்வலம் கிளம்பியது. நான் பக்கத்தில் நடந்தபடி, "மிதிங்க மச்சான்! ம், விடுங்க! மறுபடி மிதிங்க!" என்று கத்திக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை குபீரென்று முன்னால் போவார், நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே ஓடுவார். மாப்பிள்ளை சட்டென்று மெதுவாவார், நாதஸ்வரக்காரர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். பெரட்டுக்களத்தருகே கையைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

"என்னாங்க தம்பி, பஞ்சரா?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"இல்லீங்க மாமா, ஆறவிடுறேன்."

"யார?"

மறுபடி கிளம்பி நாலு எட்டுப் போயிருக்க மாட்டோம். "மச்சான், பின்னால ஏதோ கருகுது," என்றார் மாப்பிள்ளை. அன்று காலையிலிருந்து அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். அதையும் நான் மதிக்கவில்லை. "புது எஞ்சின் அப்படித்தான் மச்சான், பெயின்ட் சூடேறுது."

பெயின்ட் இல்லை. புகை குபுகுபுவென்று கிளம்பி மாப்பிள்ளையை மூடியது. கூட்டம் பயந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மண்டபங்களில் விடுவார்களே, அந்தப் புகை மெஷின் என்று நினைத்துவிட்டார்கள்! பையன்கள் விசிலடித்தார்கள். தப்புக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். டவுனிலிருந்து வந்த சிங்களப் போட்டோக்காரர் ரோட்டில் மண்டியிட்டு, "அய்யே, தவ டிகக்!" என்றார் (அண்ணே, இன்னும் கொஞ்சம்!). வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஏதோ திட்டமிட்டுச் செய்தவன்போலச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வண்டி நின்றது. எஞ்சின் ஜோராக ஓடுகிறது, வண்டிச் சில்லு மட்டும் சுற்றவில்லை. கிளட்ச் கருகிவிட்டது. அந்தக் கிளட்ச் கொஞ்சம் வேகம் எடுத்தால்தான் பிடிக்குமாம், நடக்கிற வேகத்தில் உரசி உரசியே எரிந்துபோகுமாம். எஞ்சினைப் பற்றி அவ்வளவு விசாரித்த நான் கிளட்சைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

மண்டபம் கண்ணெதிரே தெரிந்தது. ராகு காலமும் கிட்ட வந்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆறடி ஆள் அந்தக் குட்டிச் சீட்டில் அப்படியே இறுகிப்போயிருந்தார். ரஞ்சனி மணவறையில் தலைகுனிந்து காத்திருப்பதை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"என்னாங்கடா பாத்துக்கிட்டு? தூக்குங்கடா!" என்றார் தாய்மாமன்.

எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத் தூக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? திருவிழாவுக்குத் திருவிழா அம்மனைத் தூக்குகிற தோள்கள். ஆளுக்கொரு குழாயைப் பிடித்து, வண்டியோடு மாப்பிள்ளையைத் தோளில் ஏற்றினார்கள். தப்புக்காரர்கள் தாமாகவே சாமி ஊர்வல அடிக்கு மாறினார்கள். லயத்து வாசலில் நின்ற ஒரு அக்கா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையும் பதிலுக்குக் கும்பிட்டார்.

ஒருவர் எஞ்சினை அணைக்கக் கை நீட்டினார். "ஐயோ, அணைச்சிறாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஓடணும்!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். (என்னை அன்றைக்கே அடித்துப் போட்டிருக்கலாம்.)

அப்படியே படபடவென்ற சத்தத்தோடு மண்டபத்துக்குள் நுழைந்தோம். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார். அப்பா அவருடைய மைக்கைப் பறித்து, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அலறினார்: "எஞ்சின நிப்பாட்டுடா!"

நாலு பேர் வண்டியைப் பிடிக்க, இரண்டு பேர் மாப்பிள்ளையைப் பிடுங்கி எடுத்தார்கள். தாலி நேரத்துக்கு ஏறியது. சம்பந்தியம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். சொன்னார்தான். இன்றைக்கும் டயகம முழுக்கச் சொல்கிறார்: "பொண்ணு வீட்டுல எம்மவன சாமி மாதிரி தூக்கிட்டுப் போனாங்க!"

அந்த எஞ்சின் இப்போது ரஞ்சனி வீட்டு லீக்ஸ் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறது. ஒரே இழுப்பில் கிளம்பும், நன்றாகப் பழகிய எஞ்சின். எங்கள் வீட்டில் யாராவது அளவுக்கு மீறிப் பேசினால், "எஞ்சின நிப்பாட்டு" என்பார்கள். பெரும்பாலும் என்னிடம்தான்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம். தலைப்பாகை கட்ட யோகேஸ் மச்சான் தட்டோடு வந்தார். மேலே மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினேன். அதே ஹெல்மெட்.

"போட்டுக்கங்க மச்சான்," என்றார். "பாதுகாப்பு முக்கியம்."

போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கல்யாணப் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. இரண்டிலும் மாப்பிள்ளை யாரென்று வருகிறவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.