பயந்த மீன் சாப்பிடாது

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பதினாறு வருட மணவாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்தவை: அலமாரி, நல்ல தலையணை, டிவி ரிமோட், சொந்தக் கருத்து. மிச்சம் இருந்தது ஜன்னலோரத்தில் ஐந்து மீன்களோடு ஒரு மீன்தொட்டி. அதற்கும் வேட்டு வைத்தாள் மனைவி.

"வெளிச்சம் பத்தலைங்க. கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டுனா கண்ணைப் பிடுங்குது. தொட்டியை பெட்ரூமுக்கு மாத்திட்டு, என் தையல் மெஷினை இங்க போடலாம்."

"முடியாது!"

பேசியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

நான் ஆய்வகத்தில் மீன்களின் பசியை ஆராய்கிறவன். மீன் எப்போது வாயைத் திறக்கும், எப்போது மூடும் என்று சொல்லிவிடுவேன். மனைவி விஷயத்தில் பாதிதான் தெரியும். திறப்பது தெரியும்.

"பசிங்கிறது வயித்துல மட்டும் இல்ல, மூளையில இருக்கு! மீனை இடம் மாத்தினா பயப்படும். பயந்தா, 'சாப்பிடாதே'ன்னு மூளை உத்தரவு போட்டுடும். அஞ்சும் பட்டினி கிடந்தே செத்துடும். இது என் ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சி இருக்கட்டும், காபி ஆறிப்போச்சு. மூணு நாள் பெட்ரூம்ல வெச்சுப் பாப்போம். மீன் சாப்பிட்டா ஜன்னல் எனக்கு. சாப்பிடலைன்னா உங்களுக்கு."

"சரி! பாத்துடலாம்!"

ஒரு சிக்கல். மீன்கள் பயப்படவில்லை. பெட்ரூமுக்குப் போன பத்தாவது நிமிடம் ஐந்தும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்தன. துரோகிகள்!

விடுவேனா? வயிறு நிறைந்தால் குடலிலிருந்து மூளைக்குச் செய்தி போகும். மூளை 'போதும்' என்று கதவைச் சாத்தும். அப்புறம் அமுதத்தையே ஊற்றினாலும் மீன் திரும்பிப் பார்க்காது. இவள் தினமும் மாலை ஐந்து மணிக்குத் தைத்த துணிகளைக் கொடுக்கப் போவாள். ஆறு மணிக்கு வந்து மீனுக்குத் தீனி போடுவாள். நடுவில் ஒரு மணி நேரம் என் ராஜ்யம். ஆய்வகத்திலிருந்து பொட்டலம் கட்டி வந்த தீனியைக் கொட்டினேன். தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன. ஒன்று ஏப்பம் விட்ட மாதிரிகூட இருந்தது.

ஆறு மணிக்கு அவள் போட்ட தீனி அப்படியே மிதந்தது. மூன்று நாளும் மிதந்தது.

மூன்றாம் நாள் கட்டில்மேல் ஏறி நின்றேன்.

"பாத்தியா? ஒரு துணுக்காவது தொட்டுச்சா?"

"தொடலைங்க."

"மூணு நாள் முழுப் பட்டினி! ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேங்க. பாவம்."

ஒத்துக்கொண்டாள்! என் தலை மின்விசிறியில் இடிக்காத குறை. அவள் தொட்டியருகே குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் குட்டி மீனுக்கு வாலுக்கடியில நூல் மாதிரி நீளமா தொங்குதே. ஏதாவது நோயா?"

என்னிடம் சந்தேகம் கேட்கிறாள்! அதுவும் என் துறையில்! தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நோயெல்லாம் இல்ல, பயப்படாதே. அது கழிவு. வயிறு முட்டச் சாப்பிட்ட மீனுக்குத்தான் அவ்வளவு நீளமா..."

வாய் பாதியில் நின்றது. மெல்லக் கட்டிலிலிருந்து இறங்கினேன்.

"மெஷின் கொஞ்சம் கனம்," என்றாள். "அந்தப் பக்கம் நீங்க புடிங்க."