குளோசப் மேஸ்திரியும் மூன்று கற்பூரக் கட்டிகளும்

சென்னைப் பட்டணத்தில் சினிமா பார்த்தவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். சினிமாவைச் செங்கல் செங்கலாகப் பிரித்துப் பார்த்தவர் எங்கள் குளோசப் மேஸ்திரி ஒருவர்தான். எந்தச் சந்நிதியிலும் இதை நான் சத்தியம் பண்ணுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் மாம்பலத்தில் ஓர் எண்ணெய்க் கடையில் வேலையாக இருந்தேன். மேஸ்திரிக்குச் சுவர் பூசுகிற தொழில். அடையாறு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் மூன்று மாதம் அட்டை அரண்மனைக்குச் சுண்ணாம்பு அடித்தார். அங்கே காதில் விழுந்த வார்த்தைகளோடு திரும்பியவர், அப்புறம் மனுஷர் மாதிரி படம் பார்க்கவே இல்லை.

திரையில் கதாநாயகி செத்துக்கொண்டிருப்பாள். கொட்டகையே மூக்கைச் சிந்தும். தரை டிக்கெட்டிலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்கும். "சபாஷ்! மூஞ்சி கிட்டயே வந்துட்டான் பாரு! குளோசப்புன்னா இதான்!" ஜனங்கள் அழுதுகொண்டே அவர்மேல் வேர்க்கடலைத் தோலை வீசுவார்கள்.

"கதை நல்லா இருந்துதா மேஸ்திரி?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "கதையை இன்னாத்துக்குக் கேக்கறே நைனா? கேமராவை எங்க வெச்சான், இன்னாத்துக்கு வெச்சான், அத்தக் கேளு!"

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது ஏறவில்லை. ஒருநாள் மயிலாப்பூர் கோயிலுக்கே இழுத்துக்கொண்டு போனார். "தோ பாரு, தூரத்துல கோபுரம் முழுசாத் தெரியுது, லாங் ஷாட்டு. கொடிமரத்தாண்ட வந்தா மிட் ஷாட்டு. தீபாராதனையில சாமி மூஞ்சி கீதே, அதான் குளோசப்பு." அன்றுதான் எனக்குப் புரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சுவாமிக்குப் பாதி, மேஸ்திரிக்குப் பாதி.

மனுஷர் வாயால் கெட்டார். கொட்டகை மானேஜர் ஒருநாள் பிடித்துக்கொண்டார். "யோவ், இனிமே உள்ள ஒரு வார்த்தை பேசினே, ஜன்மத்துக்கும் உனக்கு டிக்கெட் கிடையாது!" அந்தப் பக்கத்தில் வேறு கொட்டகை இல்லை. மேஸ்திரி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, ஒரே பக்திப் படத்தை ஒன்பது தடவை பார்த்தார்.

பத்தாவது தடவை நானும் என் சம்சாரமும் கூடப் போனோம். எங்கள் பிள்ளை விஷ ஜுரத்தில் பிழைத்திருந்தான். திரையில் சுவாமி தோன்றும்போது கற்பூரம் காட்டுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். படத்தில் சங்கு ஊதியதும், சுவாமி வந்துவிட்டார் என்று நினைத்து அவள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய், திரைக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். படக்கென்று பிலிம் அறுந்தது!

திரையில் ஒன்றுமில்லை. தட்டில் கற்பூரம் கரைகிறது. மிச்சம் கையில் மூன்றே கட்டி. "அபசகுனம்" என்று யாரோ முணுமுணுக்க, அவள் அழ ஆரம்பித்தாள்.

மேஸ்திரியின் வாயிலிருந்து துண்டு பறந்தது. "அழாத தங்கச்சி! சாமி எங்கியும் போவல! ஆபரேட்டரு பிலிமை ஒட்டிக்கினு கீறாரு. ஒரு கட்டி போடு!"

மானேஜர் டார்ச்சோடு ஓடிவந்தார். மேஸ்திரி அசையவில்லை. படம் மறுபடி ஓடியது.

"இது காடு, லாங் ஷாட்டு. நீளமா போவும், இன்னொண்ணு போடு! இப்ப பக்தன், மிட் ஷாட்டு, சின்னது. போடாத, போடாத! கையிலயே வெச்சுக்க! தோ, மரம் கரைஞ்சு சாமி வர்றாரு பாரு, டிசால்வு. போடு கடைசிக் கட்டியை!"

சுடர் எழும்பவும் திருமுகம் திரை முழுக்க நிறையவும் சரியாக இருந்தது. கொட்டகையே எழுந்து கும்பிட்டது. அந்த நேரத்தில் மானேஜர் மேஸ்திரியை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

மானேஜர் சொன்ன சொல் தவறவில்லை. நானும் சம்சாரமும் போய்க் கெஞ்சியும் பலிக்கவில்லை. அதற்கப்புறம் புதுப் படம் வந்தால் நான் உள்ளே போவேன், மேஸ்திரி கொட்டகை வாசலில் காத்திருப்பார். வெளியே வந்து ஒவ்வொரு ஷாட்டாக ஒப்பிப்பேன்.

"கிணத்தாண்ட இன்னா ஷாட்டு?"

"மறந்துபோச்சு மேஸ்திரி."

"போ, இன்னொரு தபா பாத்துக்கினு வா!"

மேஸ்திரி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்றும் படம் விட்டால் எனக்கு நேரே வீட்டுக்கு வரத் தெரியாது. பார்த்ததையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு, கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.