நான்கு பேருக்கான கப்பல்

“எத்தனாவது ரூமுன்னு சொன்னாங்க?”

“நம்பரெல்லாம் எனக்கெதுக்குங்க? எதிர் ரூம். நாம கதவைத் தொறந்தா அவங்க கதவு.”

“அதே கப்பல்லயா?”

“எதிர் ரூமுன்னா வேற கப்பல்லயா இருக்கும்?”

பிரவீனா தோசைக்கரண்டியைக் கல்லின் மேல் வைத்த சத்தத்திலேயே மீதிப் பதிலும் இருந்தது. ஜீவானந்தம் தட்டில் இருந்த தோசையைப் பிய்க்காமல் உட்கார்ந்திருந்தான். நாமக்கல் பரமத்தி சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன் அவன். எவ்வளவு தடித்த இரும்பையும் எந்த இடத்தில் சூடுகாட்டினால் வளையும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவான். ஆனால் பெரியப்பா மகன் நவநீதகிருஷ்ணன் ஒரு பயணத்தில் சேர்ந்துகொண்டால், அதற்குப் பிறகு அந்தப் பயணத்தை எந்த இடத்திலும் வளைக்க முடியாது. இது பதினான்கு வருட அனுபவம்.

ஊட்டியில் படகு ஏற வரிசையில் நின்றவர்களை அப்படியே கிளப்பிக்கொண்டு, தெரிந்த முட்டை வியாபாரி வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் கோழித்தீவனம் பற்றிப் பேசியவர் நவநீதகிருஷ்ணன். குற்றாலத்தில் அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தார். யாராவது ஐந்து நிமிஷத்துக்கு மேல் குளித்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கொடைக்கானலில் விடிவதற்கு முன்பே எல்லார் கதவையும் தட்டி, “இப்பக் கெளம்புனா வெயிலுக்கு முன்ன ஊடு போய்ச் சேந்தரலாம்” என்றார். அவர்கள் கொடைக்கானல் வந்து சேர்ந்ததே முந்தின நாள் மதியம்தான்.

இந்தத் தடவை நான்கு பேர் மட்டும் என்று பிரவீனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவள், அவன், பிள்ளைகள் இருவர். ‘மரீனா ஜாஸ்மின்’ என்ற கப்பல், சென்னையிலிருந்து மூன்று ராத்திரி. அகலமான விளிம்பு வைத்த ஒரு தொப்பியைச் சேலத்தில் தேடி வாங்கிவிட்டாள் பிரவீனா. அந்தக் கப்பலைப் பற்றிய வீடியோக்களை எத்தனை முறை பார்த்திருப்பாளோ, எந்தத் தளத்தில் எந்த நாற்காலிக்கு நிழல் விழும் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

“எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க,” என்று சொல்லியிருந்தாள். “மேல்தட்டுல ஒரு சேரு. கண்ணு போற வரைக்கும் தண்ணி. பக்கத்துல யாரும் ‘அம்மணி, மோர் இருக்குதா’ன்னு கேக்காம இருந்தாச் சரி.”

இப்போது அவள் கேட்டாள்: “அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?”

“நாமதான போய்ச் சொன்னோம்.”

“நாம இல்லீங்க. நீங்க சொன்னீங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

வெளியூர்ப் பயணம் என்றால் பங்காளி வீட்டுக்குக் கணவனும் மனைவியுமாகப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் முறை என்பது ஜீவானந்தத்தின் கொள்கை. வெறுங்கையோடு போகவும் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு ரஸ்தாளியும் ஆப்பிளும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு போனார்கள். நவநீதகிருஷ்ணனின் மனைவி கந்தம்மாள் பையை வாங்கி, பழத்தைத் தட்டில் எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

“கப்பல்லயா?” என்று கேட்டார் நவநீதகிருஷ்ணன்.

“ஆமாங்ணா. மூணு ராத்திரி.”

அவர் மனைவியைப் பார்த்தார். கந்தம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள்.

“சரி சாமி,” என்றார். “எந்தக் கம்பெனி?”

ஏதோ ஆர்வத்தில் கேட்கிறார் என்று நினைத்து, பயண ஏஜென்ட்டின் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தான் ஜீவானந்தம்.

தோசை ஆறிவிட்டது. அவன் கைகழுவிவிட்டு, சேலத்தில் இருக்கும் அந்த ஏஜென்ட் நிகத்தைக் கூப்பிட்டான்.

“வேற கம்பெனிக் கப்பல் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ஏன் சார், ஜாஸ்மின்ல என்ன குறை?”

“குறை கப்பல்ல இல்லீங்க.”

நிகத் அனுபவசாலி. மேற்கொண்டு கேட்காமல் தேடினாள். ‘புளூ ஹெரான்’ என்று ஒன்று அகப்பட்டது. அதுவும் சென்னையிலிருந்துதான், ஆனால் ஒரு வாரம் தள்ளி. அறை சின்னது. பால்கனி கிடையாது. வட்டமாக ஒரு ஜன்னல் இருக்கும், அதைத் திறக்க முடியாது.

“தொப்பி போட்டுட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கறேன்,” என்றாள் பிரவீனா. “பரவால்லீங்க. நாலு பேருதான?”

“நாலே பேரு.”

“அப்ப இதை யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்.”

ஜீவானந்தம் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தான். மூன்றாம் நாள் பட்டறையில் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சென்னைத் துறைமுகத்தில் அண்ணன் பெட்டியும் கையுமாக நின்று தன்னைத் தேடுவது போல ஒரு காட்சி மனசில் வந்தது. பக்கத்தில் அண்ணி. அவர்களுடைய மகள் இலக்கியா, கல்லூரியில் படிக்கிறவள், ஓரமாக நின்று போன் போட்டுப் பார்க்கிறாள். இவன் எடுக்கவில்லை. அந்தக் காட்சியைச் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

“போயி சொல்லீட்டு வந்தரலாம்,” என்றான். “அவங்க அந்தக் கப்பல்ல போகட்டும், நாம இந்தக் கப்பல்ல போறோம். தப்பில்லையே?”

“சொல்றதுதான் தப்புங்க.”

“சொல்லாம போனா அதை விடத் தப்பு.”

மனசு உறுத்தியதால் இந்த முறை பழத்தோடு இரண்டு கிலோ இனிப்பும் வாங்கிக்கொண்டான். கந்தம்மாள் அதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“ஜாஸ்மின்ல எங்களுக்குத் தேதி ஒத்து வரலீங்ணா,” என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தான். “நாங்க ஹெரான்ல போயிக்கறோம். நீங்க அதுலயே போங்க. அருமையான கப்பலு.”

நவநீதகிருஷ்ணன் இனிப்புப் பெட்டியை நீண்ட நேரம் பார்த்தார். “நீங்க இல்லாம நாங்க மட்டும் அங்க போயி என்ன பண்றது சாமி?”

“இல்லீங்ணா, நீங்க எங்களுக்காகப் பாக்க வேண்டாம்...”

“அட, அதெப்படி? ரெண்டு பேருமா வந்து சொல்றீங்க.” அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். “அந்தப் புள்ளை நம்பரு எங்கட்ட இருக்குது.”

மறுநாள் காலை நிகத்தின் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

“சார், உங்க அண்ணனையும் ஹெரானுக்கு மாத்திட்டேன். பக்கத்து ரூமே கிடைச்சிருச்சு. நடுவுல ஒரு சுவர்தான்.”

“சுவரு கெட்டியா?”

“என்ன சார்?”

“ஒண்ணுமில்லீங்க.”

அன்று சாயந்தரம் பிரவீனா தொப்பியை பாலிதீன் பையில் சுற்றி பீரோவின் மேல் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் ஜீவானந்தத்துக்கு ரோஷம் வந்தது. அண்ணன் எந்தக் கப்பலுக்கு வரமாட்டார் என்று ஆற அமர யோசித்தான். அண்ணனுக்குப் பண்ணையில் ஒரு லட்சம் கோழி. காலையில் இரண்டு அவித்த முட்டை, மதியம் ஒரு ஆம்லெட், இரவில் முட்டைப் பொரியல். அவர் வீட்டில் விரத நாட்களில் மட்டும்தான் முட்டைக்கு ஓய்வு.

“நிகத்தம்மா, முட்டை போடாத கப்பல் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“சார், கப்பல் மாத்தறது டவுன் பஸ் மாத்தற மாதிரி இல்லை சார்.”

“இதுதான் கடைசி. சத்தியமா.”

இருந்தது. ‘செவன் லாண்டர்ன்ஸ்’ என்ற கம்பெனி, கொச்சியிலிருந்து நான்கு ராத்திரி. சுத்த சைவம். முட்டை கிடையாது, வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. நீச்சல்குளத்தில் மராமத்து வேலை நடப்பதால் தண்ணீரும் கிடையாது.

“புள்ளைங்க என்னத்தைத் திங்கும்?” என்றாள் பிரவீனா.

“நாலு நாளைக்குப் பருப்புஞ்சோறு.”

“அதுக்கு நம்ம ஊட்டுலயே மொட்டை மாடியில ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கறேன்.” பிறகு அவளே பெருமூச்சு விட்டாள். “சரி, போடுங்க. ஆனா இந்தத் தடவை நேர்ல போகக் கூடாது. போன்ல சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.”

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. இந்த மாதிரி விஷயத்தைப் போனில் சொல்வது மரியாதைக் குறைவு. அண்ணனுக்கு லேசாக வருத்தம் வரும். வருத்தம் வந்தால் வரமாட்டார். கொச்சியிலிருந்து திரும்பியதும் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

“ணா, மறுபடி கப்பல் மாத்தீட்டோமுங்க. கொச்சி. அதுல முட்டைகூடப் போட மாட்டாங்களாம். அதான், ஒரு வார்த்தை காதுல போட்டு வைக்கலாம்னு.”

“அப்படியா?” நவநீதகிருஷ்ணனின் குரல் திடீரென்று பத்து வயது குறைந்தது போல ஒலித்தது. “நல்லதா போச்சு. நல்லபடியா போயிட்டு வாங்க சாமி. நாங்க இதை கேன்சல் பண்ணிக்கறோம். ஒண்ணும் பிரச்சனையில்லை. அம்மணியக் கேட்டதாச் சொல்லு.” பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

பிரவீனா பீரோ மேலிருந்து தொப்பியை இறக்கினாள். கண்ணாடி முன்னால் நின்று, ஒரு பக்கம் சாய்த்து வைத்துப் பார்த்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, “கொச்சியில கப்பல் ஏறிட்டா எங்கயுமே கரை தெரியாதாமா, தெரியுமா?” என்றாள்.

ஜீவானந்தத்தால் மட்டும் அந்த வீட்டில் சந்தோஷமாக இருக்க முடியவில்லை. அண்ணன் சிரித்த சிரிப்பு காதிலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் போனில் சிரித்ததே இல்லை. மனசு எவ்வளவு நொந்திருந்தால் ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பார்?

“அழுகையை அடக்கிட்டுச் சிரிச்சாருங்கறீங்களா?” என்றாள் பிரவீனா, அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு. “எனக்கென்னமோ நெசமாவே சிரிச்ச மாதிரிதான் இருந்துது. ஸ்பீக்கர்ல நானும் கேட்டனே.”

“உனக்கு அவரைத் தெரியாது.”

“முடிஞ்சு போனதைப் போயி நோண்டாதீங்க. உங்க காலுல விழறேன்.”

அவன் நோண்டினான். அன்று சாயந்தரமே, பிரவீனாவைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பழம், இனிப்பு, பூவோடு அண்ணனுக்கு ஒரு வேட்டியும் அண்ணிக்கு ஒரு இளம்பிள்ளைச் சேலையும் சேர்த்து வாங்கியிருந்தான். போனில் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

நவநீதகிருஷ்ணன் வாசலிலேயே நின்று வேட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“முட்டையே கிடையாதுன்ன?” என்றார், மெல்லிய குரலில்.

“சுத்தமாக் கிடையாதுங்ணா. அதனால நீங்க...”

“இருக்கட்டும் சாமி. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க.” அவர் உள்ளே திரும்பினார். “கந்தம்மா, அந்தப் போனை எடுத்துட்டு வா.”

மறுநாள் நிகத்தின் குரலில் மகிழ்ச்சி இல்லை, களைப்புதான் இருந்தது. “சார், தனி ரூம் எல்லாம் முடிஞ்சிருச்சு. அதனால உங்க ரூமையும் சேர்த்து ஒரே பெரிய ரூமா மாத்திட்டேன். ஏழு பேரு தாராளமாப் படுக்கலாம். நடுவுல ஒரு திரை இருக்குது.”

“நான் கேக்கலியே?”

“அண்ணன்தான் சொன்னாரு. ‘எங்க போட்டாலும் சரி, தம்பி மனசு நோகக் கூடாது’ன்னு.”

ஜீவானந்தம் நான்காவது கப்பலைப் பற்றிக் கேட்க வாயெடுத்தான். பிரவீனா போனை வாங்கி, “ரொம்ப நன்றிங்க நிகத்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“இன்னொரு தடவை மாத்துனீங்கன்னா நான் நடந்தே கடலுக்குப் போயிருவேன்,” என்றாள். “போதுமுங்க. ஏழு பேரோ எழுபது பேரோ, எனக்குத் தண்ணியைப் பாத்தாப் போதும்.”

கிளம்புகிற நாள் வந்தது. ஒரே வேன். நவநீதகிருஷ்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து, கப்பலில் ஏறுவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று மடியில் ஒரு தூக்குப் போசி நிறைய அவித்த முட்டை வைத்திருந்தார். சங்ககிரி வருவதற்குள் ஆளுக்கு இரண்டு கொடுத்தாயிற்று. பிள்ளைகள் அடுத்து வந்த மூன்றாவதை ஜன்னல் வழியாக எறிந்தது யாருக்கும் தெரியவில்லை. அவர் மட்டும் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. வேனின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

பெருந்துறை தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினார்கள். பிரவீனா தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். சாலையோரம் நின்று பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். ஒரு லாரி போன காற்றில் தொப்பி பறக்கப் பார்க்க, அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி சிரித்தாள். கல்யாணம் ஆன புதிதில் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தது. பரவாயில்லை, நடுவில் ஒரு திரைதானே என்று ஜீவானந்தம் முதன்முறையாக நிம்மதியாக நினைத்தான்.

அண்ணன் மகள் இலக்கியா டீ கிளாஸோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சித்தப்பா, அப்பாவுக்குத் தண்ணியக் கண்டாலே பயத்துல உசுரு போயிருமுங்க, சம்சாரத்தோட ஊடு தேடி மூணு தடவை அழைக்க வந்த தம்பிகிட்ட எப்படி வரலைன்னு சொல்றதுன்னுதான் கெளம்பியிருக்காரு, நீங்க போகலைன்னாத்தான் அவரும் போகாம இருக்க முடியும், அதனால தயவுபண்ணி உங்களுக்கு வயித்தவலின்னு சொல்லி வேனைத் திருப்பச் சொல்றீங்களா?”