சராசரிக்குக் கீழே ஒரு பாஸ்டர்

செப்டம்பர் 14, ஞாயிறு. எல்மினா.

ஒரு சிறிய தவறு நடந்துவிட்டது. கணக்கில் இல்லை, கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். விடையை அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் தவறு.

மாலை வகுப்பில் டெட்டே சார் புள்ளியியல் மீள்பார்வை நடத்துகிறார். சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு. ஆளுக்கொரு தலைப்பில் பத்து எண்கள் சேகரித்து ஆராய வேண்டும். எதைக் கொண்டு அளந்தோம் என்றும் எழுத வேண்டும். நாளை கடைசி நாள். தராதவர் பெயரைத் தேர்வுக்கு அனுப்ப மாட்டார். நான் கணிதத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இந்த முறையும் போனால் செவிலியர் கல்லூரியை மறந்துவிட்டு, அம்மாவோடு சபை வாசலில் வாச்சே சோறு விற்க வேண்டியதுதான்.

மற்றவர்கள் மழை, மீன் விலை என்று எடுத்தார்கள். நான் எங்கள் சபையில் பிரசங்கங்கள் எத்தனை நிமிடம் நீள்கின்றன என்று எடுத்தேன். பாடகர் குழுவில் நிற்பதால் பின்சுவர்க் கடிகாரம் எனக்கு நேராகத் தெரியும். கண்ணாடி எப்போதோ உடைந்துபோன கடிகாரம், ஆனால் ஓடுகிறது. கைப்பேசிகளை வாசலில் ஒரு பேசினில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சபைக்குள் யாரும் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. ஆவியானவரை அவசரப்படுத்தக் கூடாதாம். ஆகவே சபைக்கு அந்தச் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான்.

சராசரி அறுபத்தொன்பது நிமிடம் வந்தது.

"நம்ம பாஸ்டர் எவ்வளவு?" என்று கேட்டாள் அம்மா. வாச்சேவுக்கு அரிசியையும் காராமணியையும் ஒரே பானையில் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அறுபத்திரண்டு."

"சராசரிக்கும் கீழயா?"

"எண்ணைத்தான் சொல்றேம்மா. ஆளை இல்ல."

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. வாச்சே வாங்க வந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னாளாம். எங்கள் சபையில் அம்மாவிடம் வாச்சே வாங்காதவர் யாரும் இல்லை.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் குவான்சா என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"மான்சா, மகளே. இத்தனை வருஷமா இந்தச் சபையைத் தோள்ல சுமக்கிறேன். நான் சராசரிக்குக் கீழயா?"

"உங்க தப்பு இல்ல பாஸ்டர். தாக்கோராடியிலிருந்து வந்தாரே தீர்க்கதரிசி அபைடூ, அவர் நூற்றைம்பது நிமிஷம் பேசிட்டார். அந்த ஒரு எண் மொத்தத்தையும் மேல இழுத்துடுச்சு."

"அப்போ அவரைத் தூக்கிடு."

"தூக்கினா காரணம் எழுதணும்."

"என்னன்னு எழுதுவ?"

"மத்ததோட ஒட்டாம தனியா நிக்கிறார்னு."

அப்படியே எழுதி அவரைத் தூக்கினேன். இது மறுநாளே தாக்கோராடி போய்ச் சேர்ந்தது. மான்சா என்கிற சிறுபெண் தன்னை விசுவாசிகளோடு ஒட்டாதவன் என்று தீர்ப்பளித்திருப்பதாகத் தீர்க்கதரிசி சபைக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். அதுவும் நீளம்தான். நான் அளக்கவில்லை.

பயந்துபோய் அவரை மறுபடி சேர்த்தேன். பாஸ்டர் மறுபடி சராசரிக்குக் கீழே போனார். அடுத்த ஞாயிறு அவர் எண்பத்தைந்து நிமிடம் பேசினார். இறங்கி வரும்போது பாடகர் குழுவைத்தான் பார்த்தார். குறிப்பாக என் பென்சிலை.

இப்போது மூப்பர் எஷுன் வந்தார். அவருடைய அளவு ஐம்பத்திரண்டு.

"முன்னாடி பாஸ்டரும் கீழ இருந்தார், எனக்குத் துணையா இருந்துச்சு," என்றார். "இப்போ அவர் மேல ஏறிட்டார். எங்க ரெண்டு பேர்ல நான் மட்டும் தனியா கீழ நிக்கிறேன். என் சம்சாரம் பேசறதில்ல."

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளை நான் நம்புவதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"சராசரியை விட்டுடலாம் மூப்பரே. இடைநிலைன்னு ஒண்ணு இருக்கு. எல்லா எண்ணையும் வரிசையா நிறுத்தி, நடுவுல நிக்கிறதை எடுக்கறது. தீர்க்கதரிசி விடிய விடியப் பேசினாலும் அது அசையாது."

"நல்ல விஷயம். அதுல நான் எங்க இருக்கேன்?"

"கீழ்ப்பாதியில."

"மேல்பாதிக்கு வர என்ன செய்யணும்?"

"நீங்க வந்தா வேற ஒருத்தர் கீழ போகணும். எப்பவும் பாதிப் பேர் கீழதான் இருப்பாங்க."

மூப்பர் கண் கலங்கிவிட்டது. "சபையில பாதிப் பேர் கீழயா? இது சத்துருவோட வேலை. இதுக்கு உபவாசம் இருக்கணும்."

சபை முழுவதும் இடைநிலைக்கு மேலே வர வேண்டும் என்று இரண்டு நாள் உபவாசம் அறிவித்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. அம்மா பானையைக் கவிழ்த்துவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிப்புன்னு சொன்ன. வியாபாரத்துல மண்ணள்ளிப் போடறதுக்குப் பேரு படிப்பா?"

உபவாசத்தை முடித்துவைத்த மூப்பர் நூற்றிருபது நிமிடம் பேசினார். மூச்சுக்கு ஒரு தடவை கண்ணை மூடச் சொன்னார். பசி மயக்கத்தில் எங்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இன்று பாஸ்டரின் முறை. "கண்களை மூடுங்கள்" என்பார். திறந்து கடிகாரத்தைப் பார்ப்பார். முகம் மலரும். மறுபடி, "கண்களை மூடுங்கள்." இப்படியே நூற்று அறுபத்தைந்து. கடைசி ஆசீர்வாதம் சொல்லும்போது வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். ஆனால் தீர்க்கதரிசியைத் தாண்டிவிட்டார்.

வெளியே வந்தால் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களேடி. காராமணி இன்னும் வேகல."

"ரெண்டே முக்கால் மணி நேரம் பேசினார்மா."

"அப்போ கரிதான் ஈரம். கொஞ்ச நாளாவே இப்படித்தான். அந்தக் கரிக்காரியை நாளைக்குக் கவனிச்சுக்கறேன்."

வாசலில் பாஸ்டரும் மூப்பரும் என் இரு பக்கமும் வந்து நின்றார்கள்.

"பழைய எண்ணையெல்லாம் அடிச்சுட்டு இன்னைக்கு உள்ளதைப் போடு," என்றார் பாஸ்டர். "நாளைக்கு உன் வகுப்புக்கு நானே வந்து சாருக்கு விளக்கிச் சொல்றேன்."

"நானும் வரேன்," என்றார் மூப்பர். "அவர் மட்டும் பேசினா சரியா இருக்காது."

தீர்க்கதரிசியும் புதன்கிழமை தாக்கோராடியிலிருந்து வருகிறாராம், விட்ட இடத்தைப் பிடிக்க.

டெட்டே சாரின் சிறிய வகுப்பில் இந்த இருவரும் ஏறி நின்றால் என் பெயர் தேர்வுக்குப் போகாது. யோசித்தேன். போட்டிக்குக் காரணம் கடிகாரம். கடிகாரம் இல்லாவிட்டால் எவருக்கும் எண் கிடையாது. சபையைப் பெருக்கி, திறந்து பூட்டுகிற ஜோஜோ அண்ணனிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு அவசர அவசரமாகக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கடிகாரத்தைக் கழட்டிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஐயோ, அது மட்டும் முடியாது தங்கச்சி."

"ஏண்ணே?"

"ஞாயித்துக்கிழமைன்னா ஒரு மணிக்குக் கடற்கரையில எங்களுக்கு ஆட்டம். நான்தான் கோல்கீப்பர்."

"அதுக்கும் கடிகாரத்துக்கும் என்னண்ணே?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடிகாரம் இருந்தாத்தானே தள்ளிவைக்க முடியும். அவங்க கண்ணை மூடச் சொல்றப்பல்லாம் நான் துடைப்பக் கட்டையால முள்ளை முன்னால தள்ளுவேன். கடைசி ஆசீர்வாதத்துல பின்னால இழுத்து வச்சிருவேன். இவங்க அதிக நேரம் வேணும்னு ஆசைப்பட்டாங்க, நானும் அதிகமாத் தள்ளினேன். இன்னைக்கு உங்க பாஸ்டர் பேசினது முக்கால் மணி நேரம்கூட இல்ல."

"அப்போ தீர்க்கதரிசி அபைடூ?"

"அவரா? சபையிலேயே கம்மியாப் பேசினது அவர்தான். கண்ணை மூடச் சொன்னதுதான் ஜாஸ்தி."

நாளை செய்ய வேண்டியது: 'அளந்த கருவி' என்ற இடத்தில் சுவர்க் கடிகாரம் என்பதை அடித்துவிட்டு, ஜோஜோ அண்ணனின் துடைப்பக் கட்டை என்று எழுத வேண்டும். கரிக்காரியிடம் அம்மா போவதற்குள் அம்மாவிடமும் சொல்ல வேண்டும். ஆனால் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.